எட்டில் இருந்த சுவிட்ச்

டண்டினோங். கராஜ் கதவு பாதி ஏறிய ஞாயிறு.
கறுப்பு வயர் பாடிக்கு.
சிவப்பு, சாவி திருப்பினால் உயிர் வரும் இடத்துக்கு.
வெள்ளை விளக்குக்கு.
பச்சையைக் காயிலின் மைனஸில் முறுக்கி
டேப் சுற்றினேன். கிரீஸில் டேப் ஒட்டவில்லை,
இன்னொரு சுற்று.

தர்சிகா ஸ்டார்ட் பண்ணினாள்.
முள் நானூறில் நின்றது.
"இந்தச் சுத்துக்கு எஞ்சின் நிண்டிருக்கோணுமே."
எஞ்சின் தன்பாட்டுக்கு உறுமியது.

மீட்டரைக் கழற்றிக் கவிழ்த்தோம்.
முதுகில் குட்டிச் சுவிட்ச்,
எட்டு சிலிண்டரில்.
எங்களுடைய ஹைலக்ஸுக்கு நாலு.

நகத்தால் தள்ளினேன்.
எண்ணூறு.

வண்டியில் எதுவும் மாறவில்லை.

இரண்டு வருஷமாய் இவள் சொன்ன
"பரவாயில்லை"களை
எந்தச் சிலிண்டர் கணக்கில் வாசித்தேனோ.

கேட்கவில்லை.
அவள் பொனற்றை மூடினாள்.
என் கையில் ஒரு ஸ்குரூ மிச்சம்.