முரசுமோட்டை, காலை ஏழு பத்து

ஆள் ஏற்ற நிறுத்திய வான்
பிறகு எடுபடவில்லை.
‘பற்றரி செத்துப்போச்சு’ என்றான் றெஜினோல்ட்,
செத்தவீட்டுச் செய்தி சொல்லும் குரலில்.
எட்டரைக்குக் கிளிநொச்சியில் எனக்குப்
பௌதிகவியல் மாதிரிப் பரீட்சை.

முதலில் இறங்கியது இரண்டு பேர்:
கொண்டக்டர் துசாந்,
சாந்தகப்பை மடியில் வைத்திருந்த மேசன்.
ஆளுக்கு நூற்று நாற்பது நியூற்றன் இருக்கும்
என்று கொப்பியின் பின்மட்டையில் எழுதினேன்.
நாங்கள் பன்னிரண்டு பேர் உள்ளே,
யன்னலால் தலையை நீட்டி
‘இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்’ என்றோம்,
திணிவாக இருந்துகொண்டே.

முன்னுக்கு இருநூற்றெண்பது.
சில்லுகளின் உராய்வு, பின்னுக்கு, அதே இருநூற்றெண்பது.
கழித்தால் சைபர்.
சைபரை எந்தத் திணிவால் வகுத்தாலும் சைபர்தான்.
மேசனின் கழுத்து நரம்புக்கு
இது தெரியாது.

அப்போதுதான் உறைத்தது.
உள்ளே இருந்தால் நான் கோட்டுக்குக் கீழே, பகுதியெண்ணில்.
இறங்கித் தள்ளினால்
கோட்டுக்கு மேலே, தொகுதியெண்ணில்.
அதே ஐம்பது கிலோ,
ஒரு கதவைத் திறந்தால் போதும்.

நான் இறங்க, மற்றவர்களும் இறங்கினார்கள்.
நவரட்ணராசா மட்டும் இறங்கவில்லை.
‘கச்சான் மூட்டையை விட்டிட்டு வரேலாது பிள்ளை,
நான் ஒரு ஆள்தானே.’
சரி, அவரையும் கூட்டினேன்:
வான், றெஜினோல்ட், கச்சான், அவர்,
எல்லாமாக ஆயிரத்து ஐந்நூறு கிலோ.

நாலு பேர் பைகளோடு வீதியோரம் நின்றார்கள்.
பத்துப் பேர் கை வைத்தோம்.
ஆயிரத்து நானூறு.
வான் இளைத்ததில் உராய்வும் இருநூறாய் இறங்கியிருந்தது.
மிச்சம் ஆயிரத்து இருநூறை
ஆயிரத்து ஐந்நூறால் வகு:
பூச்சியம் தசம் எட்டு.

சின்ன எண்தான்.
ஆனால் ஒவ்வொரு செக்கனும் அது திரும்பத் திரும்ப வந்து
முன்னைய வேகத்தின் மேல் ஏறி உட்காரும்.
முதற் செக்கன் முடிய ஊர்ந்தது.
இரண்டில் நடந்தோம்.
மூன்றில் யாரோ சிரித்தார்கள்.
நாலில் என் பாட்டாச் செருப்பு கழன்றது.
‘விடு கிளட்சை!’ என்றான் துசாந்.
செக்கண்ட் கியரில் ஒரு குலுக்கல்,
ஒரு கறுப்புப் புகை,
பிறகு வான் எங்களை விட்டுவிட்டு ஓடியது.
நிறுத்தினால் நின்றுவிடும் என்ற பயத்தில்
றெஜினோல்ட் நிறுத்தவேயில்லை.
ஓடி ஓடித் தொற்றினோம்.
கச்சான்காரர் ஒவ்வொருவராய்க் கைகொடுத்து ஏற்றினார்,
அவருடைய பங்குக்கு.

பிறகு அறுபதில், சீராக.
வேகம் இருந்தது, ஆர்முடுகல் இல்லை.
இரண்டும் ஒன்றென்று எழுதித்தான்
போன தவணை எனக்கு நாலு புள்ளி போனது.

இதே வீதியால், எதிர்த்திசையில்,
ஒருக்கால் அம்மா போயிருக்கிறா,
இரவல் ட்ரக்டர்ப் பெட்டியில்.
எஞ்சின் இழுக்கவில்லையாம்.
தருமபுரத்தில் கதவு நிலையை இறக்கினார்களாம்.
விசுவமடுவில் தையல் மெசினை.
அதற்கங்கால் நெல்லை.
இறக்க இறக்க ஓடியதாம்,
அதே எஞ்சின், அதே விசை.
எனக்கு அப்போது ஒரு வயது,
ஒன்பது கிலோ.
என்னை இறக்கவில்லை.
ஒன்பது கிலோ குறைந்திருந்தால்
எவ்வளவு கூடியிருக்கும் என்று
இந்தக் கணக்கை மட்டும் நான் செய்து பார்த்ததில்லை.

மண்டபத்துக்குள் போக எட்டு நாற்பது.
முதலாம் வினா:
ஒப்பமான கிடை மேசையில் ஒரு குற்றி.
உராய்வைப் புறக்கணிக்க.

உள்ளங்கையில் வானின் கறள்.
அழிக்க அழிக்க
விடைத்தாளில் பரவியது.