காட்சிப்பொருள் எண் 41

வியாழன், சனி மட்டும் திறப்போம்.
கட்டணம் இரண்டு பவுண்டு, போலீஸ்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் அதேதான்.
ஆஷ்கில்லின் பழைய காவல் நிலையம் இது.
லாக்கப் இரண்டில் ஒன்றில் மெழுகுக் கைதி;
மற்றதில் மிஸஸ் டில்லட்சனின் கெட்டில், பிஸ்கட் டப்பா.

பள்ளிப் பிள்ளைகள்
கைவிலங்கு மாட்டிப் படமெடுப்பார்கள்.
1871ஆம் வருடப் பதிவேட்டில் விரலை ஓட்டி
"டர்னிப் திருடினானா!" என்று சிரிப்பார்கள்.
பதினான்கு நாள் கடுங்காவல், வயது பத்து என்பேன்.
சிரிப்பு நிற்கும். சிலருக்கு நிற்காது.

நெவில் ஹார்ட்ஷோர்ன் எதையும் படமெடுப்பதில்லை.
இந்தக் குளிர்காலம் முழுக்க, வியாழன்தோறும்,
சில்லறையை எண்ணி வைத்துவிட்டு
கான்ஸ்டபிள்களின் மீசைகளைத் தாண்டி
சைக்கிளைத் தாண்டி
நாற்பத்தொன்றின் முன் போய் நிற்பார்.
சுரங்கத்திலிருந்து கூடவே ஏறிவந்த இருமல்.
கண்ணாடியில் மூச்சு படியும்.
அவர் போனபின் துடைப்பேன்.

உள்ளே ஒரு ஹெல்மெட், இடப்பக்கம் நசுங்கியது.
"1984, சுரங்க வேலைநிறுத்தம்.
கல்வீச்சில் சேதமடைந்தது.
கொடுத்தவர் பெயர் வெளியிட விரும்பவில்லை."
அட்டையில் இருப்பது என் கையெழுத்து.

இன்று திரும்பாமலே சொன்னார்:
"கல் இல்லை அது.
பட்டாணி டின்.
சங்க ஹாலில் கொடுத்த பையிலிருந்து.
கைக்கு அதுதான் அகப்பட்டது.
வீட்டில் பெரில் பையைக் கவிழ்த்து எண்ணினாள்,
இன்னொரு முறை எண்ணினாள்.
அன்றைக்குப் பிள்ளைகளுக்கு வெறும் உருளைக்கிழங்கு.
யார் தலையோ, தெரியாது.
டின்தான் மறக்கவே இல்லை."

முப்பது வருடம் வாக்குமூலம் எழுதிய வாய்க்கு
ஒரே ஒரு கேள்விதான் வந்தது:
"எந்தக் கம்பெனி பட்டாணி?"

யோசித்தார். உண்மையாகவே யோசித்தார்.
"லேபிள் கிழிந்திருந்தது" என்றார்.

இடது காதுக்கு மேல் எனக்கு ஏழு தையல்.
உள்ளேயும் கம்பளித் தொப்பியோடு உட்கார்ந்திருக்கிறேன்,
ஹீட்டர் சரியில்லை என்று
கேட்காதவர்களிடமும் சொல்லிக்கொண்டு.

அவர் போனதும் பெட்டியைத் திறந்தேன்.
'கல்வீச்சில்' என்பதை அடித்தேன்.
மேலே எழுத இடம் போதவில்லை.
அட்டை அப்படியே கிடக்கிறது, அடித்தது அடித்தபடி.

அடுத்த வியாழன் அவரிடம்
இரண்டு பவுண்டு வாங்காமல் விடலாமா என்று
மிஸஸ் டில்லட்சனைக் கேட்க வேண்டும்.

காரணம் கேட்பாள்.