யாருடைய மணல்

காலை ஆறு பத்துக்கு வற்றம்.
அளவுகோலைப் பிடித்துக்கொண்டு
ரொஸ்லான் முழங்கால் நீரில் நிற்கிறான்.
முக்காலிக்குப் பின்னால் ஒரு கண்ணை மூடி
பத்து ஃபிரிங்கியை மேடு பள்ளமாக
எழுதிக்கொண்டிருக்கிறேன் நான்.

போன மார்ச்சில் அடித்த பித்தளை ஆணியைக் காணவில்லை.
ஆணி அடித்த சிமெண்டுக் கட்டையையும் காணவில்லை.
கட்டைக்கு நிழல் தந்த சவுக்கு மரம்
வேரை வானத்துக்குக் காட்டிப் படுத்திருக்கிறது.
"இன்னொன்று அடிப்போம், அக்கா" என்கிறான்.
"இந்தத் தடவை போலீஸ் நிலையத்துக்குள்ளே."

ஹோட்டலிலிருந்து கடிதம் வந்திருந்தது,
வக்கீல் முத்திரையோடு இரண்டு பக்கம்:
எங்கள் சுவருக்கு முன்னால் இருந்த கடற்கரை
வாய்க்காலுக்கு அப்பால் போய்விட்டது.
அது எங்கள் மணல்.
திருப்பித் தர ஆவன செய்யவும்.

வாய்க்காலுக்கு அப்பால் ஆங் தெய்க் ஹோ.
அவர் படகின் வயிறு இப்போது தரையில் உரசுகிறது.
"வந்து அள்ளிக்கொண்டு போகச் சொல்.
கூலி வேண்டாம்.
விடியுமுன் நாலு பேர் தள்ள வேண்டியிருக்கிறது.
எனக்கு முட்டி போச்சு."

பதில் எழுதும் வேலை என் தலையில்.

எப்படி எழுத?
அலை சாய்வாக ஏறுகிறது, நேராக இறங்குகிறது.
போகிற போக்கில் ஒரு கைப்பிடியை
முழம் தள்ளிக் கிழக்கே வைக்கிறது.
அவ்வளவுதான் அதன் குற்றம்,
ஒரு நாளில் பன்னிரண்டாயிரம் தடவை.

சுவர் கட்டியது அலையை நிறுத்த.
மோதிய அலை வந்த வேகத்தோடே திரும்பி
சுவரின் காலடியைத் தோண்டியது.
கடலுக்குக் கோபம் என்கிறார்கள் ஹோட்டலில்.
போக இடமில்லாதது
கீழேதான் தோண்டும்.

அலுவலகப் படிவம் மலாயில்.
இழந்ததற்கு ஒரு கட்டம், சேர்ந்ததற்கு ஒரு கட்டம்,
எண் மட்டும் போட வேண்டும்.
யாருக்கும் புரியாதென்ற தைரியத்தில்
ஓரத்தில் தமிழில் எழுதினேன்:
அலை கொண்டுவந்து குவித்தது எக்கர்.
நீர் அரித்து வரிவரியாய் விட்டுப்போனது அறல்.
அரித்த நீருக்கும் அரிபட்ட மணலுக்கும்
அதே சொல்.
அகராதி எழுதியவர்
வாதி யார் பிரதிவாதி யார் என்று
பிரிக்காமலே விட்டிருக்கிறார்.

பிறகு கணக்கை இன்னும் பின்னுக்கு இழுத்துப் பார்த்தேன்.
ஹோட்டலுக்கு அந்த மணலைக் கொடுத்தது யார்?
மேற்கே ஒரு விரிகுடா.
அதற்கு முன் ஆறு.
ஆற்றுக்கு முன் மலை,
கருங்கல்லாய் இறுகிக் கிடந்ததை
மழையும் வெயிலும் வெல்லக்கட்டியைப் போல
உதிர்த்து உதிர்த்து அனுப்பிய மலை.
பூதக்கண்ணாடியில் பார்த்தால்
ஒவ்வொரு மணியிலும் அதன் பளிங்குச் சில்லு.
முதல் கடிதம் மலையிடமிருந்து வந்திருக்க வேண்டும்.
மலைக்கு வக்கீல் இல்லை.

இதையெல்லாம் எழுதவில்லை.
எழுதியது:
தங்கள் கடிதம் கிடைத்தது.
பதினேழு மீட்டர் இழப்பு உறுதி செய்யப்படுகிறது.
கிழக்கே பதினான்கு மீட்டர் சேர்க்கை.
மீதி மூன்று மீட்டர் விசாரணையில் உள்ளது.

அந்த மூன்று மீட்டர்தான் தூங்கவிடவில்லை.
ஆழத்துக்கு நழுவியிருக்கலாம்.
காற்று மாதத்தில் வாரிய மணலைக் கடல்
கண்ணுக்குத் தெரியாத ஒரு திட்டாகப்
போட்டு வைத்திருக்கலாம்,
அமைதியான மாதத்தில் திருப்பித் தர.
தராமலும் போகலாம்.

ஆயர் ஈத்தாம், பதினொன்றாம் மாடி, குளியலறை.
காலுறையை உதறுகிறேன்.
தண்ணீர் போகும் துளையைச் சுற்றி
பிறை வடிவில் ஒரு சின்னக் கடற்கரை.
படம் எடுத்து ரொஸ்லானுக்கு அனுப்பினேன்.
"மூன்று மீட்டர் கிடைத்துவிட்டது" என்று பதில்.

வாளியைத் தூக்கியவள்
கொஞ்சம் நின்றேன்.
ஊற்றினேன்.
நாளைக்கு வற்றம் ஏழு மணிக்கு.