வலி, சர்ச்சுக்குப் பின்னாடி

அவர்கள் முதன்முதலாய் வந்த அன்று
மூஞ்சிக்கல் இ-சேவை மையத்தில் கரண்ட் இல்லை.
வரும் என்றேன்.
அந்த "வரும்"தான் அவர்கள் எழுதிக்கொண்ட முதல் சொல்,
பாஸ்போர்ட் நகலின் முதுகில்,
வட்டமும் கோடுமாய் அவர்கள் எழுத்தில்.

அவர் பெயர் நம் தேசிக்.
நம் என்பது குடும்பப் பெயராம், முன்னால் வருமாம்.
எங்கள் இனிஷியல் மாதிரி என்று சொல்லிவிட்டு
அயல்நாட்டவர் பதிவுப் படிவத்தில்
நம் என்று அடித்தேன்.
ஏற்கவில்லை.
மூன்றாம் தடவை பின்னால் தள்ளிவிட்டேன்: தேசிக் நம்.
அவர் திரையைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.
மனைவி பெக் யுன்ஹி.
புருஷன் பேர் ஒட்டிக்கலையே, கல்யாணப் பத்திரம் இருக்கா
என்று கேஸ் ஏஜென்சியில் கேட்டார்கள்.
இருந்தது. கொரிய மொழியில் இருந்தது.

வீட்டுக்காரர் போடவேண்டிய சி படிவம்,
வாடகை ஒப்பந்தத்துக்கு முத்திரைத் தாள்,
திண்டுக்கல்லுக்கு இரண்டு பஸ் பயணம்.
இரண்டிலும் டம்டம் பாறை வளைவில் ஜிஹோ வாந்தி எடுத்தான்.
நாலு வயது.
ஜன்னல் சீட்டுக் கேட்டு அழும் அளவுக்குத்
தமிழ் அவனுக்கு வந்துவிட்டிருந்தது.

ஒரு சனிக்கிழமை யுன்ஹி மட்டும் வந்தாள்,
காலண்டர் அளவுக்கு ஒரு தாளோடு,
டோக்கன் எடுத்து, வரிசையில் நின்று.
சான்றிதழ் வேண்டாம், நீ சொல்லு, நான் எழுதறேன் என்றாள்.
லைன்மேனுக்கு என்ன சொல்வது.
நகராட்சித் தண்ணி திறப்பவருக்கு.
சிலிண்டர் வாடை அடித்தால். தீ பிடித்தால்.
பையனுக்கு முடியாமல் போனால் நூற்றெட்டுக்கு.
இதற்கு என்ன கட்டணம் என்று
சூப்பர்வைசர் கில்பர்ட் எட்டிப் பார்த்தார்.
நகல் கணக்கில் பத்து ரூபாய் எழுதினேன்.

எழுதி முடித்துத் திருப்பி வாசித்தாள்.
வாசித்தது நான்.
என் "வந்துங்க" இருந்தது,
பாதி வாக்கியத்தில் நான் இருமிய இருமல் இருந்தது.
அதற்கும் ஓர் எழுத்து வைத்திருந்தாள்.

நவம்பர். மஞ்சு இறங்கிய ராத்திரி, மணி இரண்டு.
தேசிக் சென்னையில்.
ஜிஹோவுக்கு மூச்சு விசிலடிக்கிறது.
அவள் தாளின் முன்னால் நின்று
எழுத்துக் கூட்டியிருக்கிறாள் போனில்:
"வணக்கம். குழந்தை. மூச்சு முடியலைங்க. நாயுடுபுரம்.
வலி, சர்ச்சுக்குப் பின்னாடி."

வழி என்றுதான் நான் சொன்னது.
அவர்கள் எழுத்தில் ழவுக்கு இடமில்லையாம்.

"வலி எங்கேம்மா, நெஞ்சுலயா?"
"இல்லைங்க. வலி சர்ச்சுக்குப் பின்னாடி.
நேராப் போனா வலி முடியும்.
அங்கே பச்சை கேட்."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லையாம்.
இருமல் வந்த இடத்தில் இவள் இருமியும் பார்த்திருக்கிறாள்.
பிறகு அந்தப் பெண் குரல்:
"பச்சை கேட்டா? லைட்டைப் போட்டுட்டு வெளியே நில்லுங்க."

வண்டி வந்தது.
சர்ச் தெரியாமல் ஒரு தடவை தாண்டிப் போய்,
பின்னுக்கே வந்தது.
அரசு ஆஸ்பத்திரியில் நெபுலைசர்,
ஒரு ஊசி, விடியும்வரை ஒரு பெஞ்சு.
சீட்டு எழுதிய நர்ஸ் தகப்பன் பெயர் கேட்டு
முதல் பாதி எழுதியதும்
பக்கத்துக் கட்டிலில் யாரோ கூப்பிட்டிருக்கிறார்கள்.
ஜிஹோ, வயது 4, த/பெ நம்.
அவ்வளவுதான். முத்திரையும் விழுந்துவிட்டது.

திங்கட்கிழமை தாளோடு மறுபடி வந்தாள்.
அந்த ஒரு சொல்லை மட்டும் சொல்லு என்றாள்.
வழி, என்றேன்.
வலி, என்றாள்.
நாக்கை மடிக்கணும்மா என்றார்
பென்ஷனுக்கு வந்தவர், மடித்தும் காட்டினார். வளி.
காரட் லாரி டிரைவர் ஒரு முறை. வலி.
வருமானச் சான்றிதழுக்கு வந்த கல்லூரிப் பெண்
சிரித்துக்கொண்டே சொல்லி,
சிரிப்பு நின்று, திரும்பச் சொன்னாள்.
வரிசையில் பதினோரு பேர்.
இரண்டு பேருக்கு வழி வந்தது.
நாலாம் முறை கேட்டபோது
எனக்கே சந்தேகம்.

அவள் தாளைத் திருத்தவில்லை.
அடியில் "பச்சை கேட்" என்ற இடத்தில் மட்டும்
என் சிவப்புப் பேனாவை வாங்கி
இரண்டு கோடு இழுத்தாள்.
பத்து ரூபாயை எடுத்து வைத்தாள்.
கில்பர்ட் அந்தப் பக்கம் திரும்பி
அடுத்த டோக்கன் என்றார்.