வாடிக்கையாளர் 41

சமூகவியல் எடுத்திருக்கிறேன் என்றதும்
அண்ணன் வால்மிர் கேட்டான்,
படித்துவிட்டு என்ன ஆவாய்?
அம்மா முந்திக்கொண்டாள்: சமூக சேவகி.
அது வேறு, இது வேறு என்று
நான் தொடங்குவதற்குள்
அடுப்பில் கறுப்பு பீன்ஸ் அடிப்பிடித்துவிட்டது.
இரண்டாண்டு ஆகிறது,
விளக்கம் இன்னும் பாதியில் நிற்கிறது.

பெலோட்டாஸில் ஜூன் மாதம்
சுவருக்கும் வியர்க்கும்.
பகலெல்லாம் சூப்பர் மார்க்கெட்டில் ஆறாவது கல்லா,
ஏழு மணிக்கு மேல் வகுப்பு,
நடுவில் ஒரு பேருந்து.
வர்க்கம், அந்தஸ்து, அதிகாரம் என்று
மூன்று சொல்லையும் நின்றபடியே மெல்லுவேன்.
பக்கத்து ஆளின் முழங்கை
மூன்றையும் ஒரே குத்தில் விலாவுக்குச் சொல்லிவிடும்.

எவான்ட்ரோ டெஸ்மான் நல்ல ஆசிரியர்,
இதைச் சொல்லியே ஆகவேண்டும்.
கடைசி வரிசையில் யாராவது தூங்கினால்
எழுப்ப மாட்டார்,
குரலைத் தாழ்த்திக்கொள்வார்.
ஒருநாள் பலகையில் எழுதினார்:
கண்ணில் படாத உழைப்பு.
நாற்பது பேரும் நோட்டில் இறக்கி
அடிக்கோடும் இட்டோம்.
பிறகு வீட்டுப்பாடம்.
ஓரிடத்தில் மூன்று மணி நேரம் இருங்கள்.
பாருங்கள், எழுதுங்கள்,
தீர்ப்பு மட்டும் சொல்லாதீர்கள்.

இடம் தேடி நான் எங்கும் போகவில்லை.
ரசீதுச் சுருளின் முதுகில் எழுதினேன்,
மேற்பார்வையாளர் நெய்வா திரும்பும்போதெல்லாம்
ஆரஞ்சு விலையைக் குறிப்பதுபோல.

வாடிக்கையாளர் 12: பெண், அறுபது இருக்கும்.
சில்லறையை இருமுறை எண்ணினார்,
வெண்ணெயைத் திருப்பிக் கொடுத்தார்.
"மகனுக்குப் பிடிக்காது" என்றார்.
யாரும் கேட்கவில்லை.

வாடிக்கையாளர் 27: சிறுவன், ஒரே ஒரு மிட்டாய்.
காசைக் கையில் தராமல் மேடையில் வைத்தான்,
பெரியவர்கள் வைப்பதுபோலவே.

வாடிக்கையாளர் 41: ஆண், ஐம்பதுக்கு மேல்.
மாத்தே இலை ஒரு கிலோ,
பூனைத் தீனி,
அவகாடோ இரண்டு.
காதில் அலைபேசி.
ரசீதில் வரி எண் போடவா என்று கேட்டேன்,
எல்லோரிடமும் கேட்பதுதான்.
பதினோரு இலக்கங்களையும்
கன்வேயர் பெல்ட்டிடம் ஒப்பித்தார்.
நிமிரவில்லை.

நியாயமாகப் பேசினால்
என் முடி வலைக்குள் இருந்தது.
சட்டையில் குத்தியிருந்த பெயரும் என்னுடையதல்ல,
ஏப்ரலில் நின்றுபோன ரொசானியுடையது.
புதுப் பட்டைக்குச் சம்பளத்தில் பிடிப்பார்களாம்.
ஆனால் குரல் என்னுடையதுதான்.
செவ்வாய்தோறும் இரண்டாம் வரிசையிலிருந்து
அந்தக் குரலில்தானே
அவரிடம் சந்தேகம் கேட்கிறேன்.

சுத்தப்பிரதி எடுக்கையில்
'நான்' வந்த இடமெல்லாம் அடித்து
'காசாளர்' என்று போட்டேன்.
ஆய்வு என்றால் அப்படித்தான் என்று நினைப்பு.

தாள் திரும்பி வந்தது, பத்துக்கு எட்டரை.
41-க்குப் பக்கத்தில் பச்சை மையில்
ஒரு வியப்புக்குறி, பிறகு:
"மிக நுட்பம். இப்படிப்பட்டவரை நானும் பார்த்திருக்கிறேன்."
கடைசிப் பக்கத்தின் அடியில்:
"ஒரே குறை. இதில் நீங்கள் எங்கே?
பார்ப்பவர் எங்கு நின்று பார்க்கிறார்
என்பதும் தரவுதான்."

திருத்தி எழுத ஒரு வாரம்.
பேருந்துக் கண்ணாடியின் ஈரத்தில்
விரலால் எழுதிப் பார்த்தேன்:
உங்களுக்கு நேர் எதிரே,
ஆறாவது கல்லா.
அடுத்த நிறுத்தத்தில் ஏறியவரின் தோள்
அதைத் துடைத்துக்கொண்டு போனது.

வீட்டுக்கு வந்து படுத்தபின்தான் நினைவு வந்தது.
அந்த இரண்டில் ஒன்று
தொட்டவுடனே தெரிந்தது, உள்ளே கறுத்திருந்தது.
யாரோ வேண்டாமென்று விட்டுப்போன கூடையிலிருந்து
நல்லதாக ஒன்றை எடுத்து
அவர் பையில் மாற்றிப் போட்டேன்.
அதை
நானும் எழுதவில்லை.