இடது பக்கம்

புதுவயல் தாண்டிச் செம்மண் பொட்டலில் என் கொட்டகை.
தரையில் ரைஸ்மில் உமி, விரற்கடை மூன்று.
நடுவில் கம்பிவலை கட்டி
இரண்டாயிரம் குஞ்சுகளைப் பாதியாக்கினோம்.
வலது பக்கம் கம்பெனித் தீவனம், அப்படியே.
இடது பக்கம் அதே தீவனத்தில்
கிலோவுக்குப் பத்து கிராம் பச்சைப்பொடி.
முருங்கையிலை, கீழாநெல்லி, கொஞ்சம் மஞ்சள்.

"வெயில் ஏறினால் உள்ளே துருப்பிடிக்கும்" என்றார்
டாக்டர் அடைக்கலமேரி.
நான் இரும்புத் தூணைப் பார்த்தேன்.
"அந்தத் துரு இல்லை வயிரவன்.
இழுக்கிற மூச்சே திரும்பி
உடம்பைத் தின்கிற துரு."
இறக்கையை விரித்து
நரம்பிலிருந்து அரை மில்லி எடுத்தார்.
கோழி அவரைப் பார்க்கவில்லை.
ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவன் யாரென்று
அதற்குத் தெரிந்திருக்கிறது.

இருபத்தொன்பதாம் நாள்.
கத்திரி வெயில்.
இரண்டு மணிக்குக் கரண்ட் போயிற்று.
மின்விசிறி நின்றதும்
கொட்டகை முழுக்க ஒரே சத்தம்,
ஆயிரக்கணக்கில் திறந்த அலகுகள்
காற்றைக் கொத்தும் சத்தம்.
சாக்கை நனைத்துக் கூரையில் எறிந்தேன்.
எறிந்த இடத்திலேயே காய்ந்தது.

சாயங்காலம் எண்ணினேன்.
வலது முப்பத்தொன்று.
இடது பன்னிரண்டு.
போனில் சொன்னதும் "ரொம்ப நல்ல" என்று ஆரம்பித்து
டாக்டர் நிறுத்திக்கொண்டார்.
பிறகு மெதுவாக,
"ஈரல் மட்டும் ஐஸில் வையுங்கள், தனித்தனியாக."
வைத்தேன்.
இடது பக்கத்து ஈரல் செங்கல் நிறம்.
வலது பக்கத்தது
வெயிலில் கிடந்த பழைய நோட்டீஸ் மாதிரி.

நாற்பதாம் நாள் லாரி வந்தது.
எடை போட்டவன் பக்கம் கேட்கவில்லை.
கூண்டுகள் கலந்து ஏறின.
காரைக்குடி மெஸ்ஸில்
மிளகும் கல்பாசியும் மராட்டிமொக்கும் வறுபடும்.
நாற்பது நாள் மஞ்சள் தின்ற உடம்பின்மேல்
இன்னொரு கை
வெளியிலிருந்து மஞ்சள் தடவும்.
ருசியில் எதாவது தெரியுமா
என்று ஒருநாள் போய்ச் சாப்பிட்டேன்.
காரம் தெரிந்தது.

இப்போது கொட்டகை காலி.
உமியை அள்ளிச் சுண்ணாம்பு அடித்தாயிற்று.
வலையைக் கழற்ற ஏறியபோது போன்.
"கழற்றாதீர்கள்.
அடுத்த பேட்சில் பொடியை
வலது பக்கம் கொடுத்துப் பார்க்கணும்."
ஏன் என்றேன்.
"இடது பக்கம் ஒரு வேப்பமரம் நிற்குதே."

ஏணியில் நின்றபடியே திரும்பிப் பார்த்தேன்.
நிற்கிறது.
இரண்டு மணி வெயிலில்
அதன் நிழல்
சரியாக வலைவரைக்கும் வந்து
நின்றிருந்தது.