நாலு பத்து

முதல் பாட்டில் அவள் பேருந்தில் விட்டுப்போன
மஞ்சள் குடை
மூன்றாம் பாட்டில் சலவைக் கடை மூலையில்
சொட்டிக்கொண்டிருந்தது.
யாரும் அதைப் பற்றிப் பாடவில்லை.

குன்சான் துறைமுகத்தருகே இரவுக் கடை.
வெந்நீருக்கு நின்ற நாரெயிடம் கைபேசியை நீட்டினேன்:
"ஆடுவது நாலு பேர். நிழலை எண்ணு."
எண்ணினாள்.
திரும்பவும் எண்ணினாள்.
நூடுல்ஸ் ஊறிப்போனது.

எல்லா வீடியோவிலும் சுவர்க்கடிகாரம் நாலு பத்து.
ஏனென்று ஒன்றரை வருடம்
மண்டையைக் குடைந்தேன்.

நேற்றுதான் கடைசியிலிருந்து பார்த்தேன்.
கடலுக்குள் போனவள்
அடுத்த பாட்டில் சலவைக் கடைக்கு வருகிறாள்,
ஈரக் கூந்தலோடு.
அதற்கடுத்ததில் பேருந்து;
ஜன்னலோரத்தை அவளுக்கு விட்டு
நால்வர்.

இப்போது வெளியே பால் வண்டி ஹாரன்.
ரசீதில் கையெழுத்திட்டு, நேரம் எழுதப் போனவள்
கடிகாரத்தைப் பார்த்துச்
சிரித்துவிட்டேன்.
ஓட்டுநருக்கு ஒன்றும் புரியவில்லை.